கரண்டா, கேஸா: வேலூர் வீட்டுச் சுடுதண்ணிக் கணக்கு

வேலூரில் உட்கார்ந்துகொண்டு சுடுதண்ணியைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மே மாதத்தில் எங்கள் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியே பெரிய பாய்லர்தான். பகல் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடும். மத்தியானம் ஒரு குளியல் போட நினைப்பவர்கள் காலையிலேயே அண்டாவில் தண்ணீர் பிடித்து நிழலில் வைத்துவிடுவார்கள். ஆனால் கார்த்திகை பாதியிலிருந்து மாசி வரைக்கும் கதை வேறு. பகலெல்லாம் வெயில் அடித்தாலும், விடியற்காலை ஐந்தரை மணிக்கு முதல் சொம்புத் தண்ணீர் முதுகில் விழும்போது உடம்பு ஒரு முழம் துள்ளும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் எழுபது தாண்டிய அம்மாவும் இருக்கிற வீட்டில் இந்த மூன்று நாலு மாதத்துக்குச் சுடுதண்ணி ஆடம்பரம் இல்லை.

இந்த வருஷம் ஒரே சமயத்தில் இரண்டு வீட்டுக்கு முடிவு எடுக்க வேண்டி வந்தது. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் பழைய கீசர் போய்விட்டது. அமெரிக்காவிலிருந்து தங்கையும் அவள் கணவரும் இரண்டு வருஷத்துக்கு என்று வந்து, காட்பாடியில் ஒரு மாடிப் போர்ஷனை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அங்கே ஒன்றுமே இல்லை.

மாப்பிள்ளைதான் முதலில் கேட்டார். "மச்சான், கரண்ட்லயும் ஓடணும், கேஸ்லயும் ஓடணும், அப்படி ஒரு ஹீட்டர் நம்ம ஊர்ல கிடைக்காதா?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே இருந்தபோது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற டிராவல் டிரெய்லர் ஒன்று வைத்திருந்தார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள சக்கரம் வைத்த குட்டி வீடு. அதில் ஆறு கேலன் தொட்டி, அதாவது நம் கணக்கில் கிட்டத்தட்ட இருபத்து மூன்று லிட்டர். அந்த ஒரே தொட்டிக்கு இரண்டு சுவிட்ச். ஒன்றைப் போட்டால் சுமார் 1,400 வாட் எலிமென்ட் சூடாகும். இன்னொன்றைப் போட்டால் புரொப்பேன் பர்னர் பற்றிக்கொள்ளும். மாடலைப் பொறுத்து அதன் பலம் 2,600 வாட்டிலிருந்து 3,500 வாட் வரை. கேஸ் சீக்கிரம் சூடாக்கும், கரண்ட் மெதுவாக. விருந்தாளிகள் வந்து குளிக்க வரிசை நின்றால் இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம்.

எதை எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இந்தக் கட்டுரைக்கே அடிப்படையாகிவிட்டது. வண்டியை நிறுத்தும் முகாமில் தினவாடகையிலேயே கரண்ட் சேர்ந்திருந்தால் கரண்ட். மாத வாடகைக்குத் தங்கி, தனி மீட்டர் வைத்துப் பணம் வாங்கினால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான். முகாமில் கொடுப்பது 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தமே 3,600 வாட்தான். ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவையும் போட்டு ஹீட்டரையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அதனால் வெயில் காலத்தில் அங்கே சுடுதண்ணி கேஸில். காட்டோரத்தில் இணைப்பே இல்லாத இடத்தில் கேஸ் மட்டும்தான். பர்னருக்குப் பொறி தட்டவும் ஹீட்டரின் கன்ட்ரோல் போர்டு வேலை செய்யவும் வண்டியின் 12 வோல்ட் பேட்டரி போதும்.

ஆக, கரண்ட் நல்லதா கேஸ் நல்லதா என்று அவர் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கரண்டுக்கு யார் பணம் கட்டுவது, அதே நேரத்தில் வேறு என்ன ஓடுகிறது, இந்த இரண்டை மட்டும்தான் பார்த்திருக்கிறார். அந்த மாதிரி இரட்டை ஹீட்டரை ஆபீசர்ஸ் லைனிலும் லாங்கு பஜாரிலும் நான் ஏறி இறங்கிய கடைகளில் காணவில்லை. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அந்த இரண்டு கேள்விகளை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

முதலில் பணம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.19 கிலோஜூல் வேண்டும். அடுப்பு மாறலாம், இது மாறாது. மார்கழியில் காலையில் எங்கள் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தேன், 22 டிகிரி. குளிக்க இதமாக 42 டிகிரி போதும். இருபது லிட்டர் பக்கெட் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,675 கிலோஜூல். ஒரு யூனிட் கரண்ட் என்பது 3,600 கிலோஜூல். எனவே ஒரு பக்கெட்டுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கீசர் தொட்டி சும்மா இருக்கும்போது ஆறிப்போகிற சூட்டையும் சேர்த்து அரை யூனிட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேஸில், ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 46,000 கிலோஜூல். அதில் ஐந்தில் ஒரு பங்கு சூடு புகையோடு போய்விடுகிறது என்று கழித்தால், ஒரு பக்கெட்டுக்கு 45 கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டரில் முந்நூறு பக்கெட்டுக்கு மேல் வரும். சிலிண்டர் 900 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்தால் பக்கெட்டுக்கு 2 ரூபாய் 85 காசு. விலை ஏறி இறங்கினால் உங்கள் கணக்கை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

கரண்ட் பக்கம்தான் சிக்கல். ஒரு யூனிட் எவ்வளவு என்று தமிழ்நாட்டில் ஒற்றை விலை கிடையாது. நான் கணக்குப் போட்ட சமயத்தில், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200-லிருந்து 400 வரை நாலே முக்கால் ரூபாய்ப் பக்கம். 400-ஐத் தாண்டினால் ஆறே கால், ஆறரை. 500-ஐத் தாண்டினால் எட்டரையைத் தொடும். அது மட்டுமில்லை, 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101-லிருந்து 200 வரைக்கும் இருந்த சலுகை விலையும் போய்விடும். 501-வது யூனிட் ஒன்றே இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாக இழுத்துவிடும் என்பது பல வீடுகளில் ரீடிங் எடுத்துவிட்டுப் போன பிறகுதான் தெரிகிறது.

அரை யூனிட் பக்கெட்டை இதில் பொருத்திப் பாருங்கள். 400-க்குள் இருக்கிற வீட்டில் 2 ரூபாய் 40 காசு, கேஸை விடக் குறைவு. 400-க்கு மேலே 3 ரூபாய் 15 காசு, கேஸை விடக் கொஞ்சம் கூட. 500-க்கு மேலே 4 ரூபாய் 25 காசு. கேஸ் ஜெயிக்கிறது, நன்றாகவே ஜெயிக்கிறது.

என் பக்கத்து வீட்டுக்காரர் இந்த இடத்தில் குறுக்கே பேசினார். "எங்க வீட்ல எழுநூறு யூனிட் வருது சார், அதான் கேஸ் கீசர் போட்டேன்." எந்த மாதத்து பில் என்று கேட்டேன். மே, ஜூன் பில். அதுதான் விஷயமே. வேலூரில் 700 யூனிட் வருவது இரண்டு ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடுகிற அக்னி நட்சத்திரத்தில். அந்த மாதங்களில் யார் வீட்டிலும் கீசர் சுவிட்சை யாரும் தொடுவதில்லை. சுடுதண்ணி தேவைப்படுகிற மார்கழி, தை மாதங்களில் ஏ.சி. தூங்குகிறது, ஃபேன்கூட விடியற்காலையில் நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டு ஈ.பி. கார்டை எடுத்துப் புரட்டினேன். கோடையில் 560, குளிர்காலத்தில் 240. கீசர் சாப்பிடும் கரண்ட் அந்த 240-க்கு மேல்தான் போய் உட்காரும். கோடை பில்லைப் பார்த்துக் குளிர்கால ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பது நம் ஊரில் எல்லோரும் செய்கிற தப்பு.

எங்கள் வீட்டில் நாலு பேர், ஆளுக்கு ஒரு பக்கெட். தினம் இரண்டு யூனிட், இரண்டு மாதத்துக்கு 120. பில் 240-லிருந்து 360 ஆகும், கூடுதல் செலவு 570 ரூபாய். இதையே கேஸில் செய்தால் பதினோரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கிட்டத்தட்ட 680 ரூபாய். வித்தியாசம் நூறு சொச்சம். இதற்காகவா நாலு நாள் கடை கடையாக ஏறி இறங்கினோம் என்று என் மனைவி கேட்டாள். நியாயம்தான். இந்த அளவில் பணத்தைப் பார்த்து முடிவெடுக்கத் தேவையே இல்லை.

காட்பாடி வீட்டில் அப்படி இல்லை. அங்கே வீட்டுக்காரர் கீழே, தங்கை குடும்பம் மேலே, மேல் வீட்டுக்கு சப் மீட்டர். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று பேசியாகிவிட்டது. இலவச நூறும் இல்லை, சலுகையும் இல்லை. அதே 120 யூனிட் அங்கே 1,080 ரூபாய். டிரெய்லர் முகாமில் தனி மீட்டர் வைத்த கதைதான். அங்கே கேஸுக்கு நானூறு ரூபாய் லாபம், அதுவும் ஒரே பில்லில். வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் யூனிட் விலையைப் பேசிவிட்டு அப்புறம் கடைக்குப் போகவேண்டும்.

ஏலகிரியில் இரண்டு அறை வைத்து வாடகைக்கு விடுகிற நண்பன் ஒருவன் இருக்கிறான். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் அங்கே வருஷம் முழுக்கச் சுடுதண்ணி கேட்பார்கள். அவனுக்கு நான் சொல்லும் கணக்கு எதுவும் பொருந்தாது. தொழிலுக்கு வீட்டுச் சிலிண்டரை வைக்கக்கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்கவேண்டும், அதன் விலை வேறு. அவன் சோலார் போட்டிருக்கிறான். மேகம் மூடிய நாளில் என்ன செய்கிறான் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறான்.

அடுத்தது குளியல் வரிசை. 15 லிட்டர், 2,000 வாட் கீசர் 22 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர இருபது நிமிஷம். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் இருபத்தெட்டு லிட்டர், அதாவது ஒன்றரை பக்கெட்டுக்குக் கொஞ்சம் கீழே. முதல் ஆள் தாராளமாகக் குளிக்கலாம், அடுத்த ஆள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்கவேண்டும். ஏழரை மணிப் பள்ளி வேனுக்கு இரண்டு பிள்ளைகளைக் கிளப்புகிற வீட்டில் அந்தப் பதினைந்து இருபது நிமிஷம் பெரிய விஷயம். நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீர் தருகிற கேஸ் கீசர் குழாயைத் திறந்ததும் பற்றிக்கொண்டு மூன்றரை நிமிஷத்தில் ஒரு பக்கெட்டை நிரப்பிவிடும், சிலிண்டர் தீரும் வரை நிற்காது. தொட்டி இல்லாத 3,000 வாட் இன்ஸ்டன்ட் கரண்ட் ஹீட்டரும் இருக்கிறதே என்பார்கள். அதன் வேகம் கேஸ் கீசரின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான், பாத்திரம் கழுவச் சரி.

கேஸ் கீசருக்கு ஒரு பலவீனம் உண்டு, கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார். தண்ணீரின் அழுத்தம் போதுமானதாக இருந்தால்தான் உள்ளே வால்வு திறந்து பர்னர் பற்றும். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற மாடிக் குளியலறையில் ஒன்றரை மீட்டர் உயரம்கூடக் கிடைக்காது. டிக் டிக் என்று பொறி தட்டிக்கொண்டே இருக்கும், பற்றாது. தங்கை வீட்டில் முதல் நாள் அதுதான் நடந்தது. ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயாக விட்டதும் பற்றிக்கொண்டது.

கரண்ட் கீசருக்கும் பலவீனம் உண்டு, அது வோல்டேஜ். ஒடுகத்தூர்ப் பக்கம் அம்மாவின் ஊரில் சாயங்காலம் மோட்டார்கள் ஓடும்போது 180 வோல்டைப் பார்த்திருக்கிறேன். 230-க்குச் செய்த 2,000 வாட் எலிமென்ட் அங்கே 1,200 வாட்தான் கொடுக்கும். இருபது நிமிஷம் முப்பத்து மூன்றாகிவிடும். அம்மா அதற்கெல்லாம் கவலைப்படுவதில்லை. ஊருக்குப் போனால் கொல்லைப்புறத்துத் தவலைதான், தேங்காய் ஓடும் மட்டையும்தான். அந்தப் புகை வாசம் சேர்ந்த தண்ணீரில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சுகத்துக்கு எந்த ஐந்து ஸ்டார் கீசரும் ஈடில்லை என்பது அவர் கட்சி. எனக்கும் அதேதான், ஆனால் சத்துவாச்சாரியில் கொல்லைப்புறத்துக்கு எங்கே போவது?

இனி தண்ணீர். எங்கள் பழைய கீசரைக் கழற்றியபோது கீழ்த்தட்டைத் திறந்து காட்டினார் மெக்கானிக். எலிமென்ட் சுருள் இருந்த இடமே தெரியவில்லை. கருவாட்டின் மேல் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக மூடியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் சில்லுச் சில்லாக விழுந்தது. தொட்டி அடியிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளினோம். தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைக் கொடுத்துக் கரைகிற மெக்னீசியம் கம்பியில் நடுக் கம்பி மட்டும் ஈர்க்குச்சி போல மிச்சம். எங்கள் தெருவில் மேட்டூரிலிருந்து வருகிற காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. போர் தண்ணீர் அதிகமாகும் மாதங்களில் பக்கெட் விளிம்பிலேயே வெள்ளைக் கோடு விழும். தண்ணீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வேகமாக இந்த உப்பு கல்லாகும், அதனால் தெர்மோஸ்டாட்டை 50-ல் வைத்துவிடுங்கள்.

கேஸில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கவேண்டாம். அங்கே விரல் தடிமன் செம்புக் குழாய்க்குள் கல் படியும், தண்ணீர் வரத்து நூலாகிவிடும், அப்புறம் அழுத்தம் போதாமல் பற்றாது. வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி சிட்ரிக் ஆசிட் கரைசலை ஓடவிட்டால் சரியாகும். உப்புத் தண்ணீர்த் தெருக்களில் இரண்டுக்கும் ஆயுள் குறைவுதான். கழற்றி மாட்டச் செலவு குறைவு என்பதால் கேஸுக்கு அரை மார்க் கூடக் கொடுப்பேன்.

பழைய கீசரின் சாவுக்கு உப்பு மட்டும் காரணமில்லை, நானும் ஒரு காரணம். மேல்மாடியில் மாட்டியபோது உள்ளே போகிற குழாயில் வால்வு போடவில்லை பிளம்பர். தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத அந்தச் சின்னப் பித்தளைச் சாமான் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒருநாள் மொட்டைமாடித் தொட்டி காலியாகி, கீழே யாரோ குழாயைத் திறந்தபோது கீசரில் இருந்த தண்ணீரும் பின்னோக்கி இறங்கிவிட்டது. விடியற்காலையில் வெறும் தொட்டியில் சுவிட்சைப் போட்டுவிட்டேன். கருகிய வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளையிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். குளிர்காலத்துக்காக வடித்து வைத்த டிரெய்லர் தொட்டியை நிரப்பாமல் கரண்ட் சுவிட்சைப் போட்டு அவரும் ஒரு எலிமென்டை எரித்திருக்கிறார்.

கடைசியாக ஆபத்து. கரண்டில் ஆபத்து தெரிந்த ஆபத்து: எர்த் சரியாக இருக்கவேண்டும், 16 ஆம்பியர் பவர் பிளக் தனி ஒயரில் வரவேண்டும், 30 மில்லிஆம்பியர் மின்கசிவுக்கே விழுகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் மெயினில் இருக்கவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் நிம்மதியாகக் குளிக்கலாம்.

கேஸின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஒரு கடையில் மாட்டித் தருகிறேன் என்று வந்த பையன் குளியலறைக்குள்ளே, ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் குறி வைத்துவிட்டான். "ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் இப்படித்தான் மாட்றாங்க." பத்தாயிரம் வாட் அடுப்பை ஆறுக்கு நாலு அறைக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்பதற்குச் சமம் அது. மார்கழிக் குளிருக்கு அந்த ஜன்னலையும் மூடியிருப்போம். காற்று குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிற வாசனை வருமே, அது எரியாத கேஸில் சேர்த்திருக்கிற வாசனை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை கிறுகிறுத்துக் கீழே விழுந்த பிறகு கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது. இதனால் ஆள் போன செய்தியைப் பேப்பரில் படிக்காத குளிர்காலம் இல்லை. பையனை அனுப்பிவிட்டேன்.

கேஸ் கீசர் என்றால் அது குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றில் இருக்கவேண்டும், சுடுதண்ணிக் குழாய் மட்டும் உள்ளே வரவேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாத வீட்டுக்கு, விலை பாதியானாலும் கேஸ் வேண்டாம். எங்கள் குளியலறை வீட்டு நடுவில் இருக்கிறது, மூன்று பக்கமும் சுவர். எனவே எங்களுக்குக் கரண்ட்தான்: ஐந்து ஸ்டார், 15 லிட்டர், இந்தமுறை அந்தப் பித்தளை வால்வைப் பெட்டியிலிருந்து நானே எடுத்து பிளம்பர் கையில் கொடுத்தேன்.

காட்பாடி மாடியில் குளியலறைக்கு வெளியே துணி காயப்போடும் திறந்த வராந்தா. கீசரை அங்கே மாட்டி, மழைச்சாரல் படாமல் மேலே ஒரு தகரம் அடித்தாயிற்று. பொறி தட்டப் பெரிய பேட்டரி செல் இரண்டு, கூடுதலாக இரண்டு அலமாரியில். சமையல் சிலிண்டரிலிருந்து டி போட்டு இழுக்கவில்லை, இதற்குத் தனிச் சிலிண்டர். ஆரஞ்சு ரப்பர் ஹோஸ் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று சொன்னேன். மாப்பிள்ளை மார்க்கர் எடுத்து வந்து, மாட்டிய தேதியையும் அதற்குக் கீழே ஐந்து வருஷம் கழித்து வரும் தேதியையும் சுவரில் எழுதினார்.

தங்கை காபி டம்ளரோடு வந்து இரண்டாவது தேதியைப் படித்தாள். "ரெண்டு வருஷம்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

மாப்பிள்ளை குழாயைத் திறந்து, தண்ணீர் சூடாகிவிட்டதா என்று கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.